ஆமா சொல்ல ஒரு ஆள்

வாங்க சார், இப்படி உக்காருங்க. அந்தப் பெஞ்சு வேண்டாம், மேல காக்காக் கூடு இருக்கு, நேத்துதான் என் சட்டையைப் பாழாக்கிட்டு. இதுல நிழலும் இருக்கு. நடந்தது போதும். நம்ம வயசுக்கு இந்தப் பார்க்க ரெண்டு சுத்து சுத்துனாக் காணும்.

நீங்கதானே மேலத்தெருவுல புதுசா குடிவந்திருக்க மதுரைக்காரவுக? கருவூலத்துல இருந்து ரிட்டயர் ஆனவுகன்னு பால்காரன் சொன்னான். நான் நம்பிராஜன். கால்நடை ஆஸ்பத்திரியில கம்பவுண்டரா இருந்தேன். பாளையங்கோட்டையில இந்தக் காலனிப் பக்கம் வந்து என் பேரச் சொன்னாப் போதும், வீட்டு வாசல்ல கொண்டாந்து விட்டுருவான். உங்ககிட்ட யாராவது என்னப் பத்தி ஏதாவது சொன்னாவளா? இல்லையா? நல்லதாப் போச்சு. அவுக சொல்லுததுக்கு முன்னால நானே சொல்லிருதேன்.

ஒரே ஒரு உபகாரம் செய்யணும். நான் சொல்லச் சொல்ல, இடையில இடையில 'ஆமா'ன்னு ஒரு வார்த்தை போடுங்க. வேற ஒண்ணும் வேண்டாம். நான் வில்லுப்பாட்டுக்காரன் பாத்துக்கிடுங்க, பக்கத்துல ஒரு ஆளு ஆமா போடலன்னா எனக்குக் கதை ஓடாது. எங்க, ஒரு தடவ சொல்லுங்க பாப்போம். அடடே! குரலு கணீர்னுல்லா இருக்கு! இத்தன வருசம் கருவூலத்துக்குள்ள வச்சு வீணாக்கிட்டியளே சார். சரி, அத கடைசியில பேசுவோம்.

நம்ம காலனி மூத்தோர் மன்றத்துல ஒரு வில்லுப்பாட்டுக் கோஷ்டி இருந்துது. எல்லாம் ரிட்டயர் ஆன சனந்தான். நாங்களே கதை கட்டுவோம், நாங்களே பாட்டு எழுதுவோம், நாங்களே பாடுவோம். டெங்கு வந்த வருசம் கொசுக்கதை பாடுனோம், கார்ப்பரேசன்காரனே வந்து மைக் செட்டு போட்டுக் குடுத்தான். குடம் அடிக்கது பவுன்ராஜ், கவர்ன்மெண்ட் பஸ்ஸுல டிரைவரா இருந்தவரு. கட்டை தட்டுதது ஞானசெல்வம் சிஸ்டர், பெரியாஸ்பத்திரியில நர்ஸா இருந்தாவ. ஜால்ரா உலகம்மா மதினி. நடுவுல வில்ல வச்சு, மணி குலுங்கக் கோலால அடிச்சு, பாட்டையும் கதையையும் நடத்திக்கிட்டுப் போறவரு அந்த மதினி வீட்டுக்காரரு, ஆவுடையப்பன் வாத்தியாரு. அந்த இடத்துல உக்காருதவரப் புலவர்னு சொல்லுவோம். ஹைஸ்கூல்ல தமிழ் வாத்தியாரா இருந்த மனுசன். வாயத் தொறந்தா மூட வைக்க ஆளு வேணும்.

அவருக்கு இடப்பக்கம் உக்காந்து ஆமா போடுத ஆளு நான்.

லேசான வேலைன்னு நினைச்சிராதிய. புலவர் ஒரு வரி சொல்லி மூச்சு வாங்குத நேரம் பாத்து ஆமா விழணும். முந்துனாலும் கெட்டுது, பிந்துனாலும் கெட்டுது. அதோட வாத்தியாரு ஒரு சட்டம் வச்சிருந்தாரு. வில்லு முன்னால உக்காந்தா 'இல்ல'ங்கிற பேச்சே வாயில வரக்கூடாது. புலவர் எதச் சொன்னாலும் ஆமாதான். வானம் பச்சைன்னா ஆமா. நம்பிராஜன் மடையன்னா அதுக்கும் ஆமா.

சொல்லுவாரு சார். கதைக்கு நடுவுல சனம் கொட்டாவி விட்டுச்சுன்னா என் பக்கம் திரும்பிருவாரு. ஒரு தடவ அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுல கேக்காரு: "வே நம்பி, உம்ம கையால ஊசி வாங்குன மாடெல்லாம் மேலோகத்துல சங்கம் வச்சிருக்காமே?" ஆமா. "நீரு எப்ப வருவீருன்னு மாலையும் கையுமா நிக்காமே?" ஆமா. சனம் விழுந்து விழுந்து சிரிக்கு. என் மருமக முன்வரிசையில உக்காந்து முந்தானைய வாயில வச்சுச் சிரிச்சா. மஞ்சச் சேலை உடுத்தியிருந்தா அன்னைக்கு. பக்கத்துல அவ அம்மாவும் சிரிச்சா.

நான் அதையெல்லாம் மனசுல வச்சுக்கிடுத ஆளு கிடையாது சார். விளையாட்டுதானே, வில்லுல அது முறை. மேடைய விட்டு இறங்குனதும் அவரே வந்து தோள்ல கை போட்டு, "உம்ம ஆமா இல்லன்னா என் கதை நொண்டியடிக்கும்வே"ன்னு சொல்லுவாரு. கீழ வந்து சொல்லுவாரு. மைக்க அணைச்ச பொறவு சொன்னா யாருக்குக் கேக்கும்?

நீங்க ஆமா போடுங்க சார், மறந்துட்டியளே. ம், அப்படித்தான்.

பொறவு வாத்தியாருக்குப் பக்கவாதம் வந்துட்டு. காலையில பல் தேய்க்கப் போனவரு கொல்லையில விழுந்து கிடந்தாரு. ஆஸ்பத்திரியில கிடந்து, பொழைச்சு, வீட்டுக்கு வந்தாரு. வலது கை தொங்கிட்டு. நடை பரவால்ல, பைய பைய இழுத்து நடப்பாரு. ஆனா பேச்சு போச்சு. அத்தன பேச்சு பேசுன மனுசனுக்கு ஒரு சொல்லு கூட வரல. பெண்டாட்டி பேரு வரல, தண்ணின்னு கேக்க வரல. ஒரே ஒரு சொல்லு மட்டும் மிச்சம் இருந்துது. என்ன சொல்லுன்னு நினைக்கிய?

ஆமா.

என் சொல்லு சார் அது! நான் போட்டுக்கிட்டிருந்த சொல்லு! எனக்குச் சிரிக்கணும் போலவும் இருந்துது, அழணும் போலவும் இருந்துது. ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்துல நிக்கேன், "அண்ணாச்சி, நான் யாருன்னு தெரியுதா?"ங்கேன். ஆமா. "வலிக்கா?" ஆமா. "வலிக்கலையா?" அதுக்கும் ஆமா. நான் வெளிய வராண்டாவுல வந்து நின்னு கொஞ்ச நேரம் கண்ணத் தொடச்சேன். எதுக்குத் தொடச்சேன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கே தெரியாது.

உலகம்மா மதினி மட்டும் சொல்லுவா, அவரு கண்ணப் பாத்தா இது ஆமாவா இல்லையான்னு தெரியும்னு. காப்பி வேணுமான்னு கேட்டா, வாய் ஆமாங்கும், கண்ணு வேண்டாம்னு சொல்லுமாம். எனக்கு அந்த நுணுக்கமெல்லாம் வராது. காதுல என்ன விழுதோ அதுதான் கணக்கு.

இனி கோஷ்டிய நடத்தணும்லா? வில்லு சும்மா கிடக்கலாமா? யாரும் என்னப் புலவரா உக்காரச் சொல்லல, நானே உக்காந்துட்டேன். பத்திரமா இருக்கட்டும்னு வில்லையும் மன்றத்து ரூம்ல இருந்து என் வீட்டுக்குக் கொண்டாந்துட்டேன். அப்ப ஆமா போட ஒரு ஆளு வேணும். பவுன்ராஜ் ஆமா போட்டா பிரேக் பிடிக்க மாதிரி இருக்கும். யோசிச்சேன். ஊர்ல வேற ஒரு சொல்லும் பேசாம, ஆமா மட்டும் சொல்லத் தெரிஞ்ச ஆளு யாரு?

இத நான்தான் சொன்னேன் சார். இந்த யோசனை என்னோடது. மூலையில உக்கார வச்சு, சோறு போட்டு, ஈ ஓட்டிக்கிட்டு இருந்த மனுசன மேடையில ஏத்துனது நான். மதினி தயங்குனா. "வேண்டாம் தம்பி, இவுக சபையில கூச்சப்படுவாவ"ன்னா. ஞானசெல்வம் சிஸ்டர்தான், "நாலு பேரோட உக்காந்தா நல்லதும்மா, கூட்டிட்டு வாங்க"ன்னு சொன்னாவ. அந்த சிஸ்டர்தான் இன்னைக்கு என்னக் கண்டா தெருவ மாத்திப் போறாவ.

பார்க் லைப்ரரி மாடியிலதான் ஒத்திகை. மொத நாள் அவர எனக்கு இடப்பக்கம் உக்கார வச்சேன். நான் வருசக்கணக்கா உக்காந்திருந்த அதே பலகை. ஒரு வரி பாடுனேன். ஆமான்னாரு. இன்னொரு வரி. ஆமா. நேரம் அவ்வளவு சுத்தமா விழுது சார். முந்தல, பிந்தல. புலவரா இருந்தவர்லா, எங்க மூச்சு வாங்குவாவன்னு தெரியும். எல்லாரும் கை தட்டுனாவ. அவரு முகத்துலயும் ஒரு சிரிப்பு, கோணல் வாயோட. மதினி ஜால்ராவக் கீழ வச்சுட்டு என்னக் கையெடுத்துக் கும்பிட்டா. ஆமா சார், என்னத்தான் கும்பிட்டா. இதையெல்லாம் இப்ப யாரு சொல்லுதா?

அப்ப ஜில்லா மூத்தோர் கலைவிழான்னு ஒண்ணு அறிவிச்சாவ. டவுன்ல கல்யாண மண்டபத்துல. கோலாட்டம், கும்மி, நாடகம், வில்லு எல்லாம் உண்டு. கிழடு கட்டைகள் மட்டுந்தான் ஆடலாம், பாடலாம். நாங்க நம்ம காலனி உண்டான கதையக் கட்டியிருந்தோம். வாத்தியாரு நல்லா இருந்த காலத்துல எழுதி வச்சது. இங்கன கள்ளிக்காடா கிடந்தது, பாம்பு வந்தது, தண்ணி இல்லாம லாரிக்குப் பின்னால குடத்தோட ஓடுனது எல்லாம் அதுல வரும். மொத மொத போர் போட்டுத் தண்ணி பீச்சி அடிச்சுதுல்லா, அதுக்கு ஒரு பாட்டு:

கல்லு முள்ளு காடு திருத்திக்
கால ஊனி நின்னோமே – ஒரு
கைப்பிடித் தண்ணி கண்ட அன்னைக்குக்
கையக் கூப்பி நின்னோமே

குறை சொல்லப்பிடாது, நல்ல பாட்டு. ஒரு நாள் சாயங்காலம் ஒத்திகையில இத எடுத்தேன். கோலால வில்ல அடிச்சேன், மணி குலுங்குது. 'கல்லு முள்ளு'ன்னு நான் தொடங்குனேன் பாருங்க, பக்கத்துல இருந்து ஒரு குரலு கூடவே வருது. 'காடு திருத்தி'ங்குது. நான் நிறுத்திட்டேன். அது நிக்கல. வாத்தியாரு கண்ண மூடிக்கிட்டு, இடது கையால தொடையில தாளம் போட்டுக்கிட்டு, முழுப்பாட்டையும் பாடுதாரு! கால ஊனி, கைப்பிடித் தண்ணி, ஒரு சொல்லு பிசகல. தண்ணின்னு கேக்க முடியாத மனுசன் தண்ணின்னு பாடுதாரு சார்.

மதினி அழுதுட்டா. சத்தம் போட்டு அழுதா. பவுன்ராஜ் குடத்த விட்டுட்டு எந்திரிச்சு நின்னுட்டாரு. சிஸ்டர் ஓடிவந்து அவரு கையப் பிடிச்சுக்கிட்டு, "பேச்சு போனாலும் பாட்டு போகாது, பாட்டு தலையில வேற இடத்துல இருக்கும், இத விடவே கூடாது, தினம் பாடணும், பாடப் பாடப் பேச்சும் வரலாம்"ங்காவ. ஒரே கூத்து. என்ன யாரும் பாக்கல. புலவர் இடத்துல வில்லும் கையுமா ஒருத்தன் உக்காந்திருக்கானேன்னு ஒருத்தர் கூடத் திரும்பல.

எனக்கு வயிறு எரிஞ்சுதுன்னு பவுன்ராஜ் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுதாரு. அப்படியெல்லாம் ஒண்ணும் கிடையாது. நான் ஒரு நியாயத்த மட்டும் பாத்தேன். ஒரு வில்லுக்கு ரெண்டு புலவர் உண்டா? மேடையில நான் பாடும்போது பக்கத்துல ஒருத்தரு கூடவே முழுசாப் பாடுனா, சனம் யாரப் பாக்கும்? இது கச்சேரிக்குச் சரிப்படாதுன்னு எனக்குத் தோணிட்டு.

மறுநாள் மதினிகிட்ட நல்லவிதமாத்தான் சொன்னேன். "மதினி, அவரப் பாட விடாதீங்க, நரம்பு வலிச்சு இழுத்துக்கிடும், அடுத்த தடவ வந்தா ஆளு தேறாது, டாக்டர் சொல்லுதாவ"ன்னேன். எந்த டாக்டர்னு கேட்டா. எனக்குத் தெரிஞ்ச டாக்டர்னேன். கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு சார், அதுல என்ன பொய் இருக்கு? நான் எத்தன மாடு கை கால் இழுத்துக் கிடந்து பாத்திருக்கேன். மாடா இருந்தா என்ன, மனுசனா இருந்தா என்ன, நரம்பு நரம்புதானே.

அந்தப் பாட்டோட மெட்டையும் மாத்திட்டேன். பழைய மெட்டு கேட்டாத்தானே அவருக்குப் பாட்டு வருது? புது மெட்டுல போட்டேன். மொத நாள் அவரு தொடங்கப் பாத்தாரு. 'கல்லு'ன்னாரு, பாட்டு வேற பக்கம் போயிட்டு, வாய் தொறந்தபடியே முழிச்சாரு. நான் தொடையில ஒரு தட்டு தட்டி, "வாத்தியாரே, உமக்கு ஆமா மட்டும் போதும்"னேன். "ஆமா"ன்னாரு. மதினி அவரு கண்ணப் பாத்தா. நான் பாக்கல, பாட்டுல கவனமா இருந்தேன்.

ஒரு நாள் மதினி என் வீட்டுக்கே வந்துட்டா. நடைவாசல்ல நின்னுக்கிட்டு, "தம்பி, வீட்டுல எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன், பாட மாட்டேங்காவ. ரேடியோ போட்டுப் பாத்தேன், நானே பாடிப் பாத்தேன். அந்த வில்லுச் சத்தமும் பழைய மெட்டும் கேட்டாத்தான் வருது. தினம் ஒரேயொரு தடவ வில்ல அடிச்சு அந்தப் பாட்ட எடுத்து விடுங்களேன். இவுக என் பேரச் சொல்லி எத்தன நாளாச்சு"ன்னா. எனக்கும் சங்கடமாத்தான் இருந்துது. "விழா முடியட்டும் மதினி, பாக்கலாம்"னு சொல்லி அனுப்புனேன். விழாவுக்கு முன்னால போய் அவருக்குப் பழைய மெட்டப் பழக்குனா, மேடையில குழப்பம்லா வரும்?

என்ன சார், ஆமாவே வரல? கதை பிடிக்கலையா? இனிமேதான் ருசியான இடம் வருது.

விழா அன்னைக்கு மண்டபம் நிறைஞ்சுட்டு. பேரன் பேத்திகள், மகன் மருமக்கமாரு, அதிகாரிக. வாத்தியாருகிட்டப் படிச்ச பயலுக பெரிய பெரிய ஆளாகி ஒரு வரிசையே உக்காந்திருந்தானுவ. நாங்க ஏறுனோம். பாதிக் கதை வரைக்கும் நல்லாத்தான் போச்சு. பொறவு பாத்தேன், பின்னால ரெண்டு வரிசை செல்போன நோண்டிக்கிட்டு இருக்கு. எனக்கு முன்னால ஆடிட்டுப் போன கும்மிக்காரப் பொம்பளைகளுக்கு விழுந்த கைதட்டு எனக்கு விழல. அந்த நேரம் புலவர் என்ன செய்யணும்? பக்கத்துல திரும்பணும். அது முறை. வாத்தியாரு எனக்குக் கத்துக்குடுத்ததே அதானே.

திரும்பிக் கேட்டேன். "வாத்தியாரே, நீரு பள்ளிக்கூடத்துல பாடம் நடத்தாம மேசை மேல தலை வச்சுத் தூங்குவீராமே?" ஆமா. படிச்ச பயலுக கொல்லுன்னு சிரிச்சானுவ. "பரீச்சைப் பேப்பரெல்லாம் மதினிதான் திருத்துவாளாமே?" ஆமா. போனெல்லாம் கீழ போயிட்டு, எல்லாத் தலையும் நிமிந்துட்டு. சிரிப்பு வந்துட்டா நிறுத்த முடியாது சார், வில்லுக்காரனக் கேட்டாத் தெரியும். "இப்ப சோறு ஊட்டுதது யாரு, மதினியா?" ஆமா. "வேட்டி கட்டி விடுததும் மதினியா?" ஆமா. "கட்டி விட்ட வேட்டியிலயே ராத்திரி ஒண்ணுக்கும் போயிருதீரா?"

ஆமான்னாரு. நேரம் தப்பாம, சுத்தமா, ஆமான்னாரு.

மண்டபமே குலுங்கிப் போச்சு. இப்படி ஒரு சிரிப்ப வாத்தியாரு தன் காலத்துல வாங்குனதே கிடையாது. நான் சத்தியமாச் சொல்லுதேன். மதினி ஜால்ராவ நிறுத்திட்டா. சிஸ்டர், "போதும் சார், போதும்"னு பல்லக் கடிச்சுக்கிட்டுச் சொல்லுதாவ. எனக்குக் காதுல விழல. விழுந்தாலும் நான் என்ன செய்ய?

அந்தச் சிரிப்புக்கு நடுவுல, வாத்தியாரு இடது கைய நீட்டி என் கையில இருந்த கோல வாங்குனாரு. பிடுங்கல, வாங்குனாரு. நான் ஏதோ தமாசுன்னு விட்டுட்டேன். வில்ல ஒரு அடி அடிச்சாரு, மணி குலுங்குச்சு. கண்ண மூடுனாரு. பழைய மெட்டுல, நல்ல உரத்த குரல்ல, 'கல்லு முள்ளு காடு திருத்தி'ன்னு தொடங்கிட்டாரு.

அந்தக் குரலு அப்படியே இருந்துது சார். பழைய குரலு.

சனம் என்ன செஞ்சுதுன்னு நினைக்கிய? சிரிச்சுது. இவ்வளவு நேரமும் அவரு வாயத் தொறந்தா சிரிக்கணும்னு பழகிட்டுல்லா, இதையும் தமாசுன்னு நினைச்சுட்டுது. 'கால ஊனி'ன்னாரு, அதுக்கு ஒரு சிரிப்பு. அந்தக் கோணல் வாயும் தொங்குத கையுமா இருந்துக்கிட்டுப் பாடுததப் பாத்து இன்னொரு சிரிப்பு. விசிலு வேற. மதினி எந்திரிச்சு நின்னு கைய ஆட்டுதா, "சிரிக்காதீங்கய்யா, பாடுதாவ, பாடுதாவய்யா"ன்னு கத்துதா. அதுக்கும் சிரிக்கு. 'கைப்பிடித் தண்ணி' வரைக்கும் வந்தாரு. கண்ணத் தொறந்தாரு. எதிர்ல இருந்த சனத்த ஒரு பார்வை பாத்தாரு.

நிறுத்திட்டாரு.

மேடையில சும்மா இருக்கலாமா? நான் உடனே மைக்கப் பிடிச்சு, "பாத்தியளா சனங்களே, ஆமாவுக்கே ரெக்கை முளைச்சுட்டு!"ன்னேன். அன்னைக்கு விழுந்த பெரிய கைதட்டு அதுக்குத்தான். இதச் சொன்னா ஒருத்தரும் ஒத்துக்கிட மாட்டேங்காவ. கோஷ்டி மானத்த நான் காப்பாத்துனேன் சார். கேடயமும் வாங்குனோம், ரெண்டாவது பரிசு. வீட்டுல கண்ணாடி அலமாரியில இருக்கு, வாங்க, காட்டுதேன்.

கோல அவரு கையில இருந்து திருப்பி வாங்கி, "கதைய முடிப்போமா வாத்தியாரே?"ன்னு கேட்டேன். பதில் வரல. திரும்பக் கேட்டேன். சனம் காத்துக்கிட்டு இருக்கு. நீங்களே சொல்லுங்க, ஆமா போடுத ஆளு ஆமா போடலன்னா புலவர் பாடு என்னாகும்? எவ்வளவு பெரிய அவமானம் எனக்கு! பவுன்ராஜ் குடத்துக்குள்ள குனிஞ்சு ஆமா ஆமான்னு ஒப்பேத்தி முடிச்சு வச்சாரு.

அன்னையில இருந்து வாத்தியாரு வாயத் தொறக்கல. அந்த ஆமாவும் போயிட்டு. டாக்டர் பாத்துட்டு, புதுசா ஒண்ணும் அடைப்பு இல்லைன்னு சொல்லிட்டாராம். அப்ப அழுத்தந்தானே சார்? வீம்புதானே? நான் பாக்கப் போனேன். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கிட்டுத்தான் போனேன். மதினி நடையிலயே நிறுத்திட்டா. "இவுககிட்ட இருந்தது ஒரே ஒரு சொல்லு. அத வச்சுத்தான் நாங்க ரெண்டு பேரும் குடும்பம் நடத்திக்கிட்டு இருந்தோம். ஊரக் கூட்டி வச்சு அதையும் பிடுங்கிட்டீங்களே தம்பி"ன்னா. பழத்தக் கூட வாங்கல. நான் திருப்பிக் கேக்கணும்னு நினைச்சேன், கோயில் கொடையில என் மருமக முன்னால என்னக் கேட்டாரே, அப்ப நீங்க ஜால்ரா தட்டிக்கிட்டுத்தானே இருந்தீங்கன்னு. கேக்கல. பெரிய மனுசத்தனமா வந்துட்டேன்.

கோஷ்டி போச்சு. பவுன்ராஜ் என் முகத்துக்கு நேரா, "நீ ஊசி போட்ட மாடாவது ஒரேயடியாப் போய்ச் சேந்துதுவே, இவர உயிரோட கொன்னுட்டியே"ன்னு ஏதோ சொன்னாரு, எனக்கு அர்த்தம் வெளங்கல. இப்ப தினம் சாயங்காலம் அவரும் சிஸ்டரும் வாத்தியார் வீட்டுல கூடுதாவ. குடம் அடிக்காவ, கட்டை தட்டுதாவ, அந்தப் பழைய மெட்டப் பாடுதாவ, அவரு வாயப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காவ. தெருவுல போனாக் கேக்கும். ஒண்ணும் வரல. வில்லுச் சத்தம் இருந்தா வரலாம்னு சிஸ்டர் சொன்னாவளாம், வில்லக் கேட்டு ஆள் விட்டாவ. குடுப்பனா? மன்றத்து வில்லுதான், இல்லங்கல. ஆனா மேடையில என்ன நட்டாத்துல விட்ட ஆளு வந்து ஒரு வார்த்தை மன்னிப்புக் கேக்கட்டும், குடுக்கேன். வாய் பேச வராதுங்கியளா? அது அவுக பாடு.

அத விடுங்க. உங்களக் கூப்பிட்டு உக்கார வச்சது எதுக்குன்னா, நான் புதுக் கோஷ்டி சேக்கப் போறேன். வில்லு என்கிட்ட இருக்கு. கதை இருக்கு. குடத்துக்கு ஆள் சொல்லி வச்சிருக்கேன். எனக்கு இடப்பக்கம் உக்கார ஒரு நல்ல குரலு வேணும். உங்களுக்கு மனப்பாடம் பண்ண வேண்டியதில்ல, பாட வேண்டியதில்ல. நான் எது சொன்னாலும் ஆமா, அவ்வளவுதான். நடுவுல ரெண்டு கேலி செய்வேன், அது முறை, தப்பா எடுத்துக்கிடப்பிடாது. என்ன சொல்லுதிய?

சார்?

எந்திரிச்சுட்டியளே. வெயில் ஏறலியே இன்னும். அட, பதில் சொல்லிட்டுப் போங்க சார். உங்க வீடு மேலத்தெருவுலல்லா, இந்தப் பக்கம் எங்க போறிய? அது வாத்தியாரு தெருவுல்லா? அங்க உங்களுக்கு யாரத் தெரியும்? சார், நில்லுங்க! வில்லப் பத்தி அங்க ஒண்ணும் சொல்லிராதிய, கேட்டியளா! சார்!

போங்க, போங்க. எனக்கு ஆளு கிடைக்காமலா போகும்? கிடைக்கலன்னாத்தான் என்ன, எத்தன வருசம் போட்ட ஆமா, எனக்கு மறந்தா போச்சு? நானே பாடிக்கிடுதேன், நானே போட்டுக்கிடுதேன்.

நம்பிராஜன் மேல ஒரு தப்பும் கிடையாது.

ஆமா.

செஞ்சதெல்லாம் நல்லதுக்குத்தான்.

ஆமா.